தூக்குவாளியில் பிழைத்த கொசுச் செல்கள்

சில வருடங்களுக்கு முன், ஒரு கார்த்திகை மழையில் நடந்தது இது. அப்போது நான் புதுச்சேரியில் ஓர் ஆய்வகத்தில் உதவியாளராக இருந்தேன். இன்றும் அங்கேதான் இருக்கிறேன். வீடு பாகூர் பக்கம் ஒரு கிராமம். கணவர் நெல்லும் கரும்பும் வைக்கிறார். காலை எட்டு மணி பஸ்ஸில் போய் மாலை ஆறரைக்குத் திரும்புவேன். ஊரில் என்னை 'ரத்தம் டெஸ்ட் பண்ற பொண்ணு' என்பார்கள். அது பாதிதான் உண்மை. என் வேலை, கொசுவின் செல்களை வளர்ப்பது.

கொசுவை அல்ல, செல்களை மட்டும். கால்களில் வெள்ளை வரியோடு பகலில் வந்து கடிக்குமே, அந்தக் கொசுவின் புழுவிலிருந்து எங்கேயோ எப்போதோ எடுத்த செல்கள். அவற்றுக்கு இறக்கை கிடையாது, கடிக்க வாய் கிடையாது. உள்ளங்கை அளவு தட்டையான பிளாஸ்டிக் பாட்டிலின் அடியில் ஒட்டிக்கொண்டு, மேலே ஊற்றிய இளஞ்சிவப்புத் திரவத்தைக் குடித்துக்கொண்டு பெருகிக்கொண்டே இருக்கும். அந்தத் திரவத்தை நாங்கள் மீடியம் என்போம். சத்து தீர்ந்தால் அதன் நிறம் மஞ்சளாகும். உடனே மாற்ற வேண்டும். பாட்டில் நிறைந்துவிட்டால் பிரித்து வேறு பாட்டிலில் விட வேண்டும். கிட்டத்தட்ட மாடு வளர்ப்பு மாதிரிதான். ஞாயிற்றுக்கிழமை கிடையாது.

எதற்கு இதெல்லாம் என்றால், வைரஸ் உயிருள்ள செல்லுக்குள் மட்டுமே பெருகும். டெங்கு மாதிரியான வைரஸ்களுக்குக் கொசுவின் செல் சொந்த வீடு. காய்ச்சல்காரரின் ரத்தத்திலிருந்து பிரித்த நீரில் ஒரு சொட்டை இந்தச் செல்கள்மேல் விட்டால், ஒளிந்திருக்கும் வைரஸ் சில நாளில் பெருகி முகத்தைக் காட்டிவிடும். காய்ச்சல் டெங்குவா என்று சொல்ல ஆஸ்பத்திரியில் வேகமான பரிசோதனைகள் உண்டு. ஆனால் இந்த வருடம் ஊரில் உலவும் வைரஸ் எந்த வகை, அது மாறியிருக்கிறதா என்று ஆற அமர ஆராய வேண்டுமானால் அதை உயிரோடு பிடித்து வைக்க வேண்டும். அதற்கு எங்கள் கொசுச் செல்கள் வேண்டும்.

அந்தச் செல்களைத்தான் அந்த வருடம் நான் கிட்டத்தட்ட அழித்துவிட்டேன்.

செல்களில் ஒரு பங்கைச் சின்னக் குப்பிகளில் போட்டுத் திரவ நைட்ரஜன் கேனுக்குள் உறையவைத்திருப்போம். வெளியே வளர்வது செத்தாலும் உள்ளே விதை இருக்கும். நைட்ரஜன் ஆவியாகிக்கொண்டே இருக்கும் என்பதால் வாரம் ஒருமுறை மரக்கோலை விட்டு மட்டம் பார்த்து நிரப்ப வேண்டும். அது என் பொறுப்பு. முதல் சில மாதம் ஒழுங்காகப் பார்த்தேன். அப்புறம், போன வாரம் நன்றாகத்தானே இருந்தது என்று கோலைத் தொடாமலே பதிவேட்டில் டிக் போட ஆரம்பித்தேன். ஐப்பசியில் ஒரு நாள் ஒரு குப்பி தேவைப்பட்டுக் கேனைத் திறந்தால் புகையே வரவில்லை. உள்ளே காய்ந்து கிடந்தது. விதையாக வைத்திருந்த அத்தனை குப்பிகளும் போயின.

ஆய்வகத்துக்குத் தலைவரான எங்கள் மேடம் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். பதிவேட்டைப் புரட்டி என் டிக்குகளை வரிசையாகப் பார்த்தார். "புதுசா வரவழைக்க ரெண்டு மூணு மாசம் ஆகும். அதுக்குள்ள காய்ச்சல் சீசனே முடிஞ்சிடும். வெளியே வளர்றது மூணு பாட்டில் இருக்கு இல்ல? அதைக் காப்பாத்து" என்று மட்டும் சொன்னார். அன்றிலிருந்து அந்த மூன்று பாட்டில்களையும் நான் பிரசவித்த பிள்ளைகளைப்போலப் பார்த்துக்கொண்டேன்.

அப்போதுதான் புயல் எச்சரிக்கை வந்தது.

வெள்ளிக்கிழமை மதியம். ஆய்வகத்தில் எல்லோரும் சீக்கிரம் கிளம்பிக்கொண்டிருந்தார்கள். மேடம் வெளியூரில் ஒரு கூட்டத்துக்குப் போயிருந்தார். செல்களை வைக்கும் இன்குபேட்டர் எப்போதும் இருபத்தெட்டு டிகிரியில் இருக்கும். கரண்ட் போனால் ஜெனரேட்டர் ஓடும். ஆனால் அது தாழ்வான இடத்தில் இருந்தது. எனக்குக் கை கால் ஓடவில்லை. மேடத்துக்குப் போன் போட்டேன்.

"மேடம், ஒரு பாட்டிலை வீட்டுக்கு எடுத்துட்டுப் போகட்டுமா?"

"வைரஸ் போடாத சுத்தமான செல் தானே?" என்றார்.

"ஆமாம் மேடம். வைரஸ் போட்டது எதையும் தொட மாட்டேன்."

"பதிவேட்டுல எழுதிட்டு எடுத்துட்டுப் போ. கழுத்து வரைக்கும் மீடியம் நிரப்பு. மூடியை இறுக்கு. எக்காரணம் கொண்டும் திறக்காதே."

பாட்டில் சாய்ந்தாலும் செல்கள் காய்ந்துபோகாமல் இருக்கத்தான் கழுத்துவரை நிரப்புவது. திறந்தாலோ காற்றிலிருக்கும் பூஞ்சை உள்ளே போய்ச் செல்களை அழித்துவிடும். மூடியைச் சுற்றி மெழுகு நாடா சுற்றி, பிளாஸ்டிக் உறை இரண்டு போட்டு, என் சாப்பாட்டுப் பையில் துண்டுக்கு நடுவே வைத்துக்கொண்டேன். ஓரிடத்தில் போனாலும் இன்னோரிடத்தில் மிஞ்சட்டும் என்று மற்ற இரண்டையும் இன்குபேட்டரில் விட்டுவிட்டு பஸ் ஏறினேன். பஸ்ஸில் யாராவது என் மேல் சாய்ந்தால்கூடப் பையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டேன். பக்கத்தில் இருந்த அம்மா, "முட்டையாம்மா?" என்று கேட்டுவிட்டு நகர்ந்து உட்கார்ந்தார்.

வீட்டுக்கு வந்து மாமியாரிடம், "அத்தை, இந்தப் பிளாஸ்க் அலமாரியில இருக்கட்டும், யாரும் தொடக் கூடாது" என்றேன். நாங்கள் ஆய்வகத்தில் அந்தப் பாட்டிலைப் பிளாஸ்க் என்றுதான் சொல்வோம். மாமியார் பையைத் திறந்து பார்த்து, "இன்னாடி இது, டீ பிளாஸ்குன்னு பார்த்தா மருந்து பாட்டிலு இத்துனூண்டு இருக்குது" என்றார். கொசுவின் செல் என்று சொன்னேன். ஒரு நிமிடம் என் முகத்தையே பார்த்தார். பிறகு, மழைக்கு வீட்டுக்குள் கொசு மொய்க்கிறதென்று தான் ஏற்றப்போன கொசுவர்த்தியைப் பார்த்தார். புகை அந்தப் பாட்டிலுக்குள் போகாதுதான். ஆனாலும் பயத்தில் நான் அதை ஏற்ற விடவில்லை. அன்று குடும்பத்தோடு கொசுக்கடி வாங்கினோம்.

சனிக்கிழமை முழுக்கக் காற்றும் மழையும். கரண்ட் இல்லை. ஞாயிற்றுக்கிழமை விடிந்தபோது மழை குறைந்திருந்தது. அப்பாடா என்று வாசலுக்கு வந்தால் தெருவே ஆறாக ஓடிக்கொண்டிருந்தது. தென்பெண்ணையில் தண்ணீர் திறந்துவிட்டார்கள், ஏரியும் நிரம்பிவிட்டது என்று கத்திக்கொண்டே போனார்கள். நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே தண்ணீர் வாசல்படி ஏறி உள்ளே வந்தது. கணவர் மாட்டை அவிழ்க்க ஓடினார். மாமியார் ரேஷன் கார்டு, பத்திரம், நகை டப்பாவை எடுத்தார். நான் அலமாரியைத் திறந்து பாட்டிலை எடுத்தேன். நல்லவேளை, என் படிப்புச் சான்றிதழ்களை நாத்தனார் ஞாபகமாக எடுத்து வந்தாள். எனக்கு அவை நினைவுக்கே வரவில்லை.

மேட்டில் இருந்த பள்ளிக்கூடத்தில் ஊரே கூடிவிட்டது. வகுப்பறைக்கு ஐம்பது பேர். கொம்யூன் பஞ்சாயத்து ஆட்கள் மதியமே சாதம் கொண்டுவந்து போட்டார்கள். பிள்ளைகளுக்கு ஒரே கொண்டாட்டம். எனக்கோ எந்த மூலையில் உட்கார்ந்தாலும் யாராவது பாட்டிலை மிதித்துவிடுவார்கள் என்றே பட்டது. ஈரக்காற்றில் குளிர் வேறு. செல்களுக்குக் குளிர் என்றால் சாவு இல்லை, மந்தம்தான் என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் பையை மடியில் வைத்து முந்தானையால் போர்த்திக்கொண்டேன். உடம்போடு ஒட்டிக் கட்டிக்கொள்ளவும் முடியாது. நம் உடம்புச் சூடு கொசுச் செல்லுக்கு ஆகாது.

திங்கட்கிழமை பிற்பகல், நான் சாதத்துக்கு வரிசையில் நின்றிருந்தேன். பையை மாமியாரிடம் கொடுத்திருந்தேன். அவர் உட்கார்ந்தபடியே கண் அயர்ந்துவிட்டார். திரும்பிப் பார்க்கிறேன், எதிர்வீட்டுப் பெண் தன் குழந்தையைத் துடைக்கத் துண்டு தேடி என் பையைத் திறந்து, உறைகளைப் பிரித்து, பாட்டிலைக் கையில் வைத்துக்கொண்டிருக்கிறாள்! இளஞ்சிவப்பு நிறம் அல்லவா, குழந்தை "ரோஸ் மில்க், ரோஸ் மில்க்" என்று கையை நீட்டுகிறது. அவள் விரல் மூடியின் மேல்.

"தொடாதே!" என்று நான் கத்திய கத்தலில் மொத்த வகுப்பறையும் அடங்கிப்போனது. பாய்ந்துபோய்ப் பிடுங்கினேன். மெழுகு நாடா லேசாகக் கிழிந்திருந்தது. மூடி திறக்கவில்லை. இன்னொரு விநாடி போயிருந்தால் எல்லாம் முடிந்திருக்கும்.

அந்தப் பெண்ணுக்கு முகம் சுண்டிவிட்டது. "இன்னாக்கா, அப்பிடி இன்னா வச்சிருக்கிற?" என்றாள்.

பதற்றத்தில் வாயில் வந்ததைச் சொன்னேன். "அது கொசுவோட செல்லுடி."

கொசு என்ற ஒரு வார்த்தைதான் எல்லோர் காதிலும் விழுந்தது. கேட்க வேண்டுமா! ஊரே கொசுக்கடியில் கையையும் காலையும் சொறிந்துகொண்டு உட்கார்ந்திருக்கிற நேரம். "கொசு வளக்கிறாளாம்பா பையில!" என்று ஒருவர் சொல்ல, "அதான் இங்க இம்மாங் கொசுவா?" என்று இன்னொருவர் கேட்க, பின்னாலிருந்து யாரோ, "தூக்கித் தண்ணியில போடு அத்த" என்றார்கள். என் கணவர் எழுந்து வந்து என் பக்கத்தில் நின்றார். பாவம், அவருக்கும் அது என்னவென்று முழுதாகத் தெரியாது. நானும் விளக்கிப் பார்த்தேன். செல் என்றால் என்ன, மீடியம் என்றால் என்ன, வைரஸ் தனிமைப்படுத்துதல் என்றால் என்ன என்று பாடப்புத்தகத்தில் இருப்பதுபோலவே ஒப்பித்தேன். ஒரு முகம்கூட மலரவில்லை.

அப்போதுதான் எங்கள் தெருவின் கடைசி வீட்டுக்காரர் முன்னால் வந்தார். கணவருக்குப் பங்காளி, அண்ணன் முறை. நான் மாமா என்று கூப்பிடுவேன். சொந்தமாக டிராக்டர் வைத்திருக்கிறார். அதற்கு இரண்டு வருடம் முன்பு இதே மழைக்காலத்தில் அவர் மனைவி காய்ச்சலில் இறந்துபோனார். படுத்து ஐந்தாம் நாள் போய்விட்டார். அதிலிருந்து மாமா யாரிடமும் அதிகம் பேசுவதில்லை.

என் எதிரே குந்தி உட்கார்ந்தார். "இதுல காய்ச்சல் இருக்குதாம்மா?" என்று கேட்டார்.

"இல்ல மாமா. இது காலி வீடு மாதிரி. காய்ச்சல் கிருமி தனியா இருந்தா கண்ணுக்கும் தெரியாது, பெருகவும் பெருகாது. இந்த வீட்டுல குடிவெச்சாதான் பெருகும். அப்ப பிடிச்சிடலாம். எந்தக் கிருமின்னு பேர் சொல்லிடலாம்."

அறையில் சத்தம் குறைந்தது. மாமா பாட்டிலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்போ அன்னிக்கி இது இருந்திருந்தா எங்க வூட்டுக்காரி பொழச்சிருப்பாளா?"

ஆமாம் என்று சொல்லிவிடலாம் என்று ஒரு கணம் தோன்றியது. சொல்லியிருந்தால் அந்த அறையில் ஒருவரும் அதற்கப்புறம் பாட்டிலைத் தொட்டிருக்க மாட்டார்கள். ஆனால் அவர் கண்ணைப் பார்த்துக்கொண்டு அப்படிச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

"இல்ல மாமா. இதுல கிருமி வளரவே ஒரு வாரம் ஆகும். இது மருந்தும் இல்ல. அக்காவை இது காப்பாத்தியிருக்காது."

"அப்புறம் இன்னாத்துக்கும்மா இது?"

"அடுத்து வர்றவங்களுக்கு. இந்த வருஷம் என்ன கிருமி சுத்துதுன்னு தெரிஞ்சா, யாரை உஷாராப் பார்க்கணும்னு டாக்டருங்களுக்குத் தெரியும். அக்காவுக்கு வந்தது என்னன்னாவது உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும்."

அவர் எழுந்து வெளியே போய்விட்டார். ஏன்டா அப்படி வெளிப்படையாகச் சொன்னோம் என்று எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. மாமியார் கண் விழித்து நடந்ததைக் கேட்டுவிட்டு, அறையைச் சுற்றி ஒரு பார்வை பார்த்தார். "எங்க வூட்டுல கொசுவர்த்திகூட ஏத்த வுடாம அத்த வச்சிக்கினு இருந்தவ. உங்கள்ட்ட குடுத்துடுவாளா? போய்ச் சோத்தத் தின்னுங்க" என்றார். பின்னாலிருந்து சிரிப்புச் சத்தம் கேட்டது. இறுக்கம் தளர்ந்தது.

ஒரு மணி நேரம் கழித்து மாமா திரும்பி வந்தார். இடுப்புவரை நனைந்திருந்தார். கையில் ஒரு எவர்சில்வர் தூக்குவாளி. அதற்குள், பரண்மேல் நனையாமல் கிடந்த தலையணையைக் கிழித்து எடுத்த இலவம்பஞ்சு. தண்ணீரில் இறங்கித் தன் வீட்டுக்குப் போய் எடுத்து வந்திருக்கிறார்.

"பஞ்சுல வையி. குளிரும் தாங்கும், அடியும் படாது" என்றார். அவ்வளவுதான். போய்த் தன் இடத்தில் உட்கார்ந்துகொண்டார்.

பாட்டில் அந்தத் தூக்குவாளிக்கு அளவெடுத்துச் செய்ததுபோல உட்கார்ந்தது. அன்று மாலையிலிருந்து என் பாட்டிலுக்கு ஏகப்பட்ட காவல்காரர்கள்! பிற்பகலில் "தூக்கிப் போடு" என்றவரே பிள்ளைகளைப் பார்த்து, "அந்தப் பக்கம் ஓடாதீங்கடா, கொசு வாளி இருக்குது" என்று அதட்டினார். எதிர்வீட்டுப் பெண் மணிக்கொரு தரம் வந்து, "நல்லாருக்குதாக்கா?" என்று கேட்டாள். வெறும் கண்ணுக்கு அது நன்றாக இருக்கிறதா என்று தெரியாது. நிறம் மட்டும் தெரியும். செவ்வாய்க்கிழமை அந்த நிறம் ஆரஞ்சாக மாற ஆரம்பித்தது.

புதன்கிழமை காலை மஞ்சள் எட்டிப் பார்த்தது. சத்து தீர்ந்துகொண்டிருந்தது. போனில் சார்ஜ் இல்லை. மெயின் ரோட்டில் வண்டி ஓடுகிறது என்றார்கள், ஆனால் அதுவரை போகும் கிளைச்சாலை முழுக்கத் தண்ணீர். நான் வாசலில் நின்று தவிப்பதைப் பார்த்துவிட்டு மாமாவே கேட்டார்.

"அதுக்குத் தீனி தீர்ந்துபோச்சாம்மா?"

"ஆமாம் மாமா."

"வா, வுட்டுடறேன்."

டிராக்டர் மேட்டில் நின்றிருந்ததால் தப்பித்திருந்தது. என்னைத் தன் பக்கத்து மட்கார்டில் உட்காரவைத்தார். கணவர் ஒரு மூங்கில் கழியோடு முன்னால் தண்ணீரில் இறங்கி, சாலையின் ஓரம் எங்கே இருக்கிறதென்று குத்திக் குத்திப் பார்த்துக்கொண்டே நடந்தார். இரண்டு பக்கமும் கரும்பு சாய்ந்து கிடந்தது. எங்கள் நெல் வயல் இருந்த இடத்தில் வெறும் தண்ணீர். கணவர் அந்தப் பக்கம் ஒரு தரம் பார்த்தார். பிறகு கழியைக் குத்தி மேலே நடந்தார்.

பாதி வழியில், சின்னப் பாலம் ஒன்றைத் தாண்டும் இடத்தில், டிராக்டரின் முன்சக்கரம் சடாரென்று இறங்கியது. தண்ணீருக்கடியில் சாலை அரித்துப்போயிருந்தது. வண்டி ஒரு பக்கமாகச் சாய, நான் சறுக்கிக்கொண்டே போனேன். ஒரு கையில் தூக்குவாளி. மறு கையால் மாமாவின் சட்டைக் காலரைப் பிடித்துவிட்டேன்!

"எறங்காத! நீ எறங்குனா அதுவும் போச்சி!" என்று மாமா கத்தினார். புகைக்குழாய் மேல்நோக்கி இருந்ததால் எஞ்சின் நிற்கவில்லை. கணவர் நீந்துகிற மாதிரி வந்து மறுபக்கச் சக்கரத்தின் மேல் ஏறித் தன் எடையெல்லாம் போட்டுத் தொங்கினார். மாமா ரிவர்ஸ் போட்டார். சக்கரம் சேற்றில் சுற்றியது, சுற்றியது, மூவர் முகத்திலும் சேற்றை வாரி அடித்தது. பிறகு ஒரு உலுக்கு. வண்டி பின்னால் வந்து நிமிர்ந்தது. நான் மூச்சு விட்டேன். அதற்கு முன் எப்போது விட்டேன் என்று ஞாபகமில்லை. கணவர் என்னைப் பார்த்துச் சிரிக்கிறார், பற்கள் மட்டும் வெள்ளையாகத் தெரிகின்றன. எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. நடுத் தண்ணீரில் நின்று மூன்று பேரும் பைத்தியக்காரர்கள் மாதிரிச் சிரித்தோம்.

மெயின் ரோட்டில் ஒரு பால் வண்டி நின்றது. ஓட்டுநர் முன்பின் தெரியாதவர். "வாளியில இன்னாக்கா, கொழம்பா?" என்றார். ஆடக்கூடாத பொருள் என்றேன். அதற்குமேல் ஒரு கேள்வி கேட்கவில்லை. புதுச்சேரி வந்து சேரும்வரை ஒவ்வொரு பள்ளத்திலும் வண்டியை நடக்கவிட்டு ஓட்டினார்.

சேறு படிந்த புடவையோடு நான் ஆய்வகத்துக்குள் நுழைந்தபோது மேடம் வந்திருந்தார். இன்குபேட்டரின் கதவு திறந்து கிடந்தது. கருகிய ஒயர் வாசனை. விட்டுவிட்டு வந்த கரண்டில் அதன் வெப்பக் கட்டுப்பாடு பழுதாகி, சூடு ஏறிக்கொண்டே போயிருக்கிறது. நான் விட்டுச்சென்ற இரண்டு பாட்டில்களும் வெந்துபோயிருந்தன. மேடம் என் கையிலிருந்த தூக்குவாளியைப் பார்த்தார். உடனே மைக்ராஸ்கோப்பின் விளக்கைப் போட்டார்.

பாட்டிலைத் துடைத்து அடியில் வைத்து நான்தான் முதலில் குனிந்தேன். எல்லாம் மிதந்துகொண்டிருந்தன. உருண்டு உருண்டு, செத்த செல்கள் கூட்டம் கூட்டமாக. பாட்டிலை நகர்த்தினேன். மறுபடி மிதப்பவை. மறுபடி நகர்த்தினேன். ஓர் ஓரத்தில், பாட்டிலின் மூலை திரும்பும் இடத்தில், தரையோடு ஒட்டிக்கொண்டு, ஓரங்கள் பளிச்சென்று, இருபது முப்பது செல்கள்! அதற்குப் பக்கத்தில் இன்னொரு திட்டு. அங்கே இன்னொன்று!

"மேடம், இருக்கு! மேடம், இருக்கு!" என்று கத்தினேன். மேடம் என்னைத் தள்ளிவிட்டு அவரே குனிந்தார். நிமிர்ந்தபோது அவர் கண்ணாடி நனைந்திருந்தது.

பழைய மீடியத்தில் பாதியை எடுத்துவிட்டுப் புதியதை விட்டோம். இன்குபேட்டர் இல்லாததால் பாட்டிலை அறையின் ஒரு மூலையில் வைத்துத் தெர்மாமீட்டரை மாட்டினோம். வியாழன் ஒன்றும் மாறவில்லை. வெள்ளியும் அப்படியே. சனிக்கிழமை காலை பார்த்தால் திட்டுகள் விரல் நீட்டி ஒன்றையொன்று தொட ஆரம்பித்திருந்தன. நான் போட்ட சத்தத்தில் வாட்ச்மேன் என்னவோ ஏதோவென்று ஓடிவந்தார். பத்து நாளில் பாட்டில் நிறைந்தது. பிரித்து இரண்டாக்கினோம், நான்காக்கினோம். முதல் வேலையாகக் குப்பிகளில் உறையவைத்தோம்.

வெள்ளம் வடிந்து சில வாரத்தில், எதிர்பார்த்தபடியே காய்ச்சல் வந்தது. சுகாதார நிலையங்களிலிருந்து மாதிரிகள் வர ஆரம்பித்தன. ஒவ்வொன்றையும் செல்களின் மேல் விட்டுவிட்டுக் காத்திருந்தோம். ஐந்தாம் நாள் ஒரு பாட்டிலில், பக்கத்துப் பக்கத்துச் செல்கள் நடுச்சுவரை இடித்துக்கொண்டு ஒன்றாகி, பெரிது பெரிதாக வீங்கி நின்றன. உள்ளே வைரஸ் குடியேறிவிட்டது! அடுத்த சோதனைகளில் டெங்கு என்றும் அதில் எந்த வகை என்றும் தெரிந்தது. சமீபமாக எங்கள் பக்கம் அதிகம் தென்படாத வகை. முன்னால் வேறு வகை டெங்கு வந்தவர்களுக்கு இது வந்தால் முற்றிவிடக்கூடும். அவர்களை முன்கூட்டியே கவனிக்கும்படி மேடம் உடனே தகவல் அனுப்பினார்.

அந்த மாதிரியின் எண்ணைச் சரிபார்க்கும்போதுதான் ஊர்ப் பெயரைப் பார்த்தேன். எங்கள் ஊர். வயதும் ஆணா பெண்ணா என்பதும் கடைசி வீட்டு மாமாவுக்குப் பொருந்தின. சீசன் வேலையில் தினமும் ராத்திரிதான் வீடு திரும்பியதால் ஊர்ச் செய்தி எதுவும் எனக்குத் தெரியாது. அன்று சாயங்காலமே வீட்டுக்குப் போய்க் கணவரிடம் கேட்டேன். ஆமாம், மாமாவுக்குத்தான் நாலு நாள் காய்ச்சல், ஆஸ்பத்திரியில் இருந்து இப்போது தேறிவிட்டார் என்றார். ஓடிப்போய்ப் பார்த்தேன். மெலிந்திருந்தார். விஷயத்தைச் சொன்னேன். "நான் அத்தப் பார்க்கலாமாம்மா?" என்று கேட்டார்.

மேடத்திடம் அனுமதி வாங்கி ஒரு நாள் அழைத்துப் போனேன். வைரஸ் உள்ள செல்களைக் கண்ணாடித் தகட்டில் ஒட்டி, கிருமியைச் சாகடித்து, வைரஸ் இருக்கும் இடம் மட்டும் ஒளிரும்படி சாயம் ஏற்றி வைத்திருந்தோம். அதனால் பயமில்லை. விளக்கை அணைத்துவிட்டு அவரைக் குனியச் சொன்னேன்.

"ஒண்ணும் தெர்லம்மா. இருட்டா இருக்குது."

"கண்ணைச் சுருக்காதீங்க மாமா. ரெண்டு கண்ணாலயும் பாருங்க."

இரண்டு கண்ணையும் அகலத் திறந்து மறுபடி குனிந்தார். பிறகு, "எம்மாடி!" என்றார். கறுப்புக்கு நடுவே பச்சைப் பச்சையாக ஒளிர்ந்துகொண்டிருந்த அந்தச் செல்கள் அவருக்குத் தெரிந்துவிட்டன. "இம்மா நாளா எங்கிட்ட இருந்துதா இது? இத்தினி அழகாவா இருக்கும்?"

நானும் மேடமும் சிரித்தோம். அவர் குனிந்தபடியே இருந்தார். அப்புறம் கண்ணை எடுக்காமலே கேட்டார்.

"அவளுக்கும் இதானா?"

"தெரியாது மாமா. அப்ப யாரும் எடுத்து வைக்கல."

தலையை ஆட்டினார். நிமிர்ந்து, துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, என்னைப் பார்த்துச் சொன்னார்: "சரி. என்னுதை எடுத்து வச்சிட்ட இல்ல? அத்தப் பத்திரமா வையி."

எங்களுக்கு வரும் மாதிரிகளில் பெயர் இருக்காது, எண்ணும் ஊரும் வயதும் ஆணா பெண்ணா என்பதும்தான் இருக்கும். ஆனாலும் அன்றிலிருந்து ஒவ்வொரு குழாயைக் கையில் எடுக்கும்போதும், எங்கேயோ ஒரு வீட்டில் பதிலுக்காக ஒருவர் உட்கார்ந்திருக்கிறார் என்றும், அவரிடம் 'தெரியாது' என்று சொல்ல நேர்ந்தால் அது நான் தேடிப் பார்த்த பிறகு சொல்கிற 'தெரியாது'வாக இருக்க வேண்டும் என்றும் நினைத்துக்கொள்கிறேன்.